மண்டபம் முகாமும் மக்கள் மனமும்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில், மண்டபத்துக்குச் சற்று முன்பாக 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம் உண்டு. இன்று அப்பெயரைக் கேட்போர்க்கு, 1983க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த மக்களின் குடியிருப்பே நினைவுக்கு வரும். ஆனால் அம்முகாம் முதலில் எழுந்தது எதிர்த்திசைப் பயணத்துக்காக. இங்கிருந்து இலங்கை செல்வோரைக் கப்பலேறுமுன் நிறுத்தி, உடல் சோதித்து, நோயில்லையென்று உறுதிசெய்த பின்னரே அனுப்புவதற்காக இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அது. இந்திய மண்ணில், இலங்கை அரசின் செலவில், இலங்கை மருத்துவ அலுவலரின் ஆணைக்குட்பட்டு நடந்தது. ஒரு நாட்டின் எல்லை இன்னொரு நாட்டின் கரையில் வந்து உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் பொருந்தும்.

அந்த எல்லையைப் பற்றி மதுரைச் சீமை மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முனைவது. நோய்த்தடுப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் வைத்தே எழுதுகின்றனர். அவற்றில் மக்கள் 'அறியாமையால் எதிர்த்தவர்கள்' என்ற ஒரே வேடத்தில் வந்து போகிறார்கள். உண்மை அவ்வளவு எளியதன்று என்பதே நமது துணிபு. மக்கள் சினந்தது சோதனையின் மீதன்று. அச்சோதனை யாரை நிறுத்தியது, யாரைப் போகவிட்டது என்பதன் மீதே.

இதற்கு மதுரையிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. கி.பி. 14ஆம் நூற்றாண்டில், மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் காலத்தில் இங்கு வந்த இப்னு பதூதா, நகரில் பரவியிருந்த கொள்ளைநோயொன்றை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். நோய் கண்டவர் மறுநாளோ, அதற்கடுத்த நாளோ, நான்காம் நாளோ இறந்தனர். அவர் விலைக்கு வாங்கிய பணிப்பெண் மறுநாளே மாண்டாள். எட்டு வயது மகனுடன் நலமாக வந்து உதவி கேட்ட ஒரு பெண், அடுத்த நாள் அம்மகனுக்குக் கஃபன் துணி கேட்டு வந்தாள். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் இறந்தனர். சுல்தான் மூன்று நாள் மட்டும் நகரில் தங்கிவிட்டு, சற்றுத் தொலைவிலிருந்த ஆற்றங்கரைக்குப் பெயர்ந்தார். இப்னு பதூதாவும் கடும் காய்ச்சலில் விழுந்தார். புளியை நீரில் கரைத்துக் குடித்ததனால் மூன்று நாளில் குணமடைந்ததாகக் கூறும் அவர், அந்நகர் மீது வெறுப்புற்றுப் புறப்பட விடை கேட்டார். அரண்மனைக்கு நெல் குத்த வந்து, நோயுற்று வெயிலில் விழுந்து கிடந்த பணிப்பெண்களைப் பற்றியும் அவர் எழுதுகிறார். சுல்தானுக்கு ஆற்றங்கரை இருந்தது. பயணிக்குக் கப்பல் இருந்தது. நெல் குத்த வந்த பெண்களுக்குப் போக்கிடம் இல்லை. தொற்றுக் காலத்தில் இடம்பெயரும் உரிமை யாருக்கு என்ற வினாவை இந்த ஒரு காட்சியே எழுப்பிவிடுகிறது.

இவ்வினாவுக்கு இஸ்லாமிய மரபு தந்த விடையை நம் வாசகர் அறிவர். ஹிஜ்ரி 18இல் பாலஸ்தீனத்தின் அம்வாஸில் கொள்ளைநோய் தோன்றியது. ஷாம் நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சர்ஃக் என்னுமிடத்தில் அச்செய்தியைக் கேட்டு, முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷி முதியோரையும் தனித்தனியே கலந்துகொண்டு, திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடை தந்தார்கள். பின்னர் அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் தோன்றினால் அதைவிட்டு ஓடாதீர்கள் என்ற கருத்தமைந்த நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

'உலகின் முதல் தொற்றுத்தடுப்புச் சட்டம்' என்று இதனை மேடைகளில் முழங்குவோர் உளர். அது மிகை என்றே நாம் கருதுகிறோம். நோயாளரை ஒதுக்கி வைக்கும் வழக்கம் அதற்கு முந்தைய சமுதாயங்களிலும் இருந்தது. நாம் இதில் காணும் சிறப்பு வேறு. இவ்விதி உள்ளே வருபவனையும் வெளியே போகிறவனையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது. தளபதியையும் படைவீரனையும் ஒரே அளவில் நிறுத்துகிறது. அபூ உபைதா (ரலி) அவர்களை மதீனாவுக்கு அழைத்துக் கலீஃபா மடல் எழுதியதாகவும், படையினரை விட்டுவர மனமின்றி அவர்கள் அங்கேயே தங்கி அந்நோயிலேயே இறந்ததாகவும் வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ கொள்ளைநோய் குறித்துத் தனி நூலே எழுதினார். தம் புதல்வியரைக் கொள்ளைநோயில் பறிகொடுத்தவர் அவர். தொற்று உண்டா இல்லையா என்பதில் அறிஞர்கள் நெடுங்காலம் மாறுபட்டனர். கிரனாதாவின் இப்னுல் கதீப் 14ஆம் நூற்றாண்டிலேயே தொற்று உண்டு என்று அனுபவச் சான்றுகளைக் காட்டி வாதிட்டார். ஆகவே, ஊரை அடைப்பதும் வழியை மறிப்பதும் வெள்ளையர் கொண்டுவந்த புதுமையென்று நம் முன்னோர் எண்ணியிருக்க இடமில்லை. பிறகு 1897இல் ஏன் அத்தனை கொந்தளிப்பு?

பிளேக் நோய் 1896 செப்டம்பரில் பம்பாயில் அறியப்பட்டது. 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. சில பிரிவுகளே கொண்ட சிறு சட்டம். ஆனால் எந்தப் பயணியையும் சோதிக்கவும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையவும் அரசுக்கு அது அதிகாரம் தந்தது. அவ்வாண்டு ஜூன் 22 அன்று புனேயில் பிளேக் அதிகாரி ரேண்ட் சுடப்பட்டது யாவரும் அறிந்த செய்தி. சென்னை மாகாணத்தில் அத்தகைய வன்முறை பெரிதாக மூளவில்லை. இங்கு அரசு வேறொரு வழியைக் கையாண்டது. நோயுள்ள பகுதியிலிருந்து தொடர்வண்டியில் வருவோரை நிலையங்களில் இறக்கி, வரிசையாக நிறுத்திப் பார்த்தனர். நோய்க்குறி இல்லாதவருக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' எனும் சீட்டு தரப்பட்டது. சீட்டுப் பெற்றவர் தாம் சென்று சேரும் ஊரில் பத்து நாள் அலுவலர் முன் நாள்தோறும் நேர்நிற்க வேண்டும். தவறினால் தண்டனை.

அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுக் கட்டி உள்ளதா என்று பார்ப்பதே அன்றைய சோதனை. நடைமேடையில், நூறுபேர் பார்க்க, அயலான் ஒருவன் கைபடுவதை எந்தக் குடும்பப் பெண்ணும் பொறுத்திருக்க மாட்டாள். இதில் இந்து, முஸ்லிம் என்ற வேற்றுமை இருக்கவில்லை. பெண்களைப் பெண் பணியாளரே பார்க்க வேண்டும், கோஷாப் பெண்களுக்கு மறைவிடம் வேண்டும் என்று நாடெங்கும் கேட்டனர். படிப்படியாக அவை தரப்பட்டன. தரப்பட்ட இடங்களில் எதிர்ப்பும் தணிந்தது. கோரிக்கை வைத்தவர்கள் 'சோதிக்காதே' என்று சொல்லவில்லை, 'இப்படிச் சோதிக்காதே' என்றே சொன்னார்கள் என்பதை நாம் கருத வேண்டும்.

இனி மண்டபத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பகுதிகளிலிருந்து நடந்தே கரைக்கு வந்து, தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டுப் பாதையில் மாத்தளை வரை மீண்டும் நடந்தனர். காலராவும் பெரியம்மையும் காய்ச்சலும் அவர்களோடு நடந்தன. வழியில் மாண்டவர் எத்தனையோ பேர். நோய் ஊருக்குள் வராதிருக்க வேண்டும் என்ற இலங்கை மக்களின் கவலை பொய்யானதன்று. பிளேக் அச்சம் எழுந்த 1890களின் இறுதியில் அந்த வடபாதை அடைக்கப்பட்டு, தொழிலாளர் பயணம் தூத்துக்குடி வழியே திருப்பப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் அமைந்தது.

1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறியவர் வண்டியும் கப்பலும் மாறி ஒரே சீட்டில் கொழும்பு சேரலாம் என்ற 'போட் மெயில்' பெருமை அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அச்சீட்டு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. மேல்வகுப்புப் பயணி மருத்துவரின் பார்வைக்குப் பின், சென்றடையும் இடத்தில் சுகாதார அலுவலரிடம் தம்மைக் காட்டிக்கொள்ளும் உறுதியின் பேரில் அப்படியே கப்பலேறினார். தோட்டத் தொழிலாளரும் மூன்றாம் வகுப்பில் வந்த பிறரும் மண்டபத்தில் இறக்கப்பட்டு ஐந்தாறு நாள் முகாமில் வைக்கப்பட்டனர். காலராவின் நுண்ணுயிர் முதல் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் வேறுபாடு அறியாது. சீட்டுக் கொடுத்தவர் அறிந்திருந்தார்.

முகாமின் நடைமுறை இது. கங்காணி திரட்டிக் கொண்டுவந்த ஆட்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை தரப்பட்டிருக்கும். திருச்சியில் தலைமையகம் கொண்டிருந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் கிளைகள் இப்பணியைக் கவனித்தன. வில்லை உடையவருக்கு வண்டிக் கட்டணம் இல்லை. செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். மண்டபத்தில் அவர்களைக் கிருமிநாசினி கலந்த நீரில் குளிக்கச் செய்தனர், உடைகளை நீராவியில் வைத்தெடுத்தனர், அம்மை குத்தினர், காலராத் தடுப்பூசி போட்டனர், பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுத்தனர். மருத்துவ நோக்கில் இவற்றில் குறைசொல்ல அதிகமில்லை. அவர்களுள் பலருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் மருத்துவக் கவனிப்பே அதுவாக இருந்திருக்கும்.

ஆயினும், நோயாளரைப் பிரிக்கும் இடம் என்பதோடு அது நிற்கவில்லை. யார் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று பதிந்து, எண்ணி, ஒப்படைக்கும் இடமாகவும் அது இருந்தது. கழுத்தில் வில்லையோடு வேலிக்குள் ஐந்து நாள் இருப்பவன் தன்னை நோயாளியாக நினைப்பானா, சரக்காக நினைப்பானா? இந்த வினாவை அன்றைய தேசியத் தலைவர்கள் எழுப்பியதில் வியப்பில்லை. மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின், மண்டபத்தில் இந்திய அரசின் அலுவலரும் அமர்த்தப்பட்டார். விருப்பமின்றி அழைத்துவரப்பட்டவரை, வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பி வந்தவரை அவர் விசாரித்துத் திருப்பியனுப்ப முடிந்தது. நோய்க்காக நிறுத்திய அந்த ஐந்து நாள், கங்காணியின் வாக்கில் மயங்கி வந்த சிலருக்கு மனம்மாறி ஊர் திரும்பும் கடைசி வாய்ப்பாகவும் அமைந்தது.

நம் சமுதாயத்தவரின் நிலை சற்று வேறானது. கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி ஆகிய கரையூர்களின் மரக்காயர்களுக்கு இலங்கை அயல்நாடாகத் தோன்றியதே இல்லை. 'சம்மாங்காரர்' என்று அங்கே அழைக்கப்பட்ட அவர்கள், மன்னாரிலும் கொழும்பிலும் கடை வைத்து, பெருநாளுக்கு ஊர் வந்து, மீண்டும் சொந்தத் தோணியில் கடல் கடந்தவர்கள். கீழக்கரையின் முத்துக்குளிப்போர் மன்னார் வளைகுடாவின் இருகரைக்கும் பழகியவர்கள். இன்ன துறைமுகத்தில் மட்டுமே இறங்கலாம், இன்ன முகாமில் இத்தனை நாள் தங்கலாம் என்ற விதி அவர்களுக்குப் புதுமை. தோட்டத் தொழிலாளிக்கு முகாம் ஒருமுறை வாய்க்கும் துன்பம். வணிகனுக்கோ ஒவ்வொரு பயணத்திலும் வரும் இழப்பு. கையில் காசுள்ளவர் மேல்வகுப்புச் சீட்டெடுத்து முகாமைத் தவிர்த்தனர். கடைச் சிப்பந்தியும் சிறுவணிகனும் வேலிக்குள் இருந்தனர். வகுப்பு வேற்றுமை நம் சமுதாயத்துக்குள்ளேயும் புகுந்து பிரித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இத்தனை காவலும் நோயைத் தடுத்ததா? காலராவையும் பெரியம்மையையும் பெருமளவு தடுத்தது என்று ஒப்பலாம். ஆனால் பாம்பன் பாலம் திறந்த அதே 1914ஆம் ஆண்டில் பிளேக் கொழும்புக்குள் நுழைந்துவிட்டது. மண்டபத்தில் நிறுத்தப்பட்ட கூலியாள் அதைக் கொண்டு செல்லவில்லை. துறைமுகத்தில் இறங்கிய அரிசி மூட்டைகளோடு வந்த எலிகளே காரணம் என்பது பின்னர் ஏற்கப்பட்ட கருத்து. செட்டியார் தெருவின் கிட்டங்கிகளை அடுத்த பகுதியில் நோய் முதலில் வேர்கொண்டது. மனிதனின் அக்குளைத் தொட்டுப் பார்த்தவர்கள் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை. எலியும் தெள்ளும் பிளேக்கைப் பரப்புவதை 1908க்குள் இந்தியாவில் நடந்த ஆய்வுகளே நிறுவியிருந்தன. மதுரை மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் நெடுங்காலம் தங்கிவிட்டதையும், 1930களில் ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரு மருத்துவர்கள் அங்கே எலிகளை ஆராய்ந்து எழுதியதையும் இங்கு நினைவுகூரலாம்.

மண்டபத்தைப் போலவே இன்னொரு முகாமும் தென்னக முஸ்லிம்களின் நினைவில் தங்கியது. அது செங்கடலில் இருந்தது. 1865இல் ஹஜ்ஜின்போது பரவிய காலரா ஐரோப்பா வரை சென்றதை அடுத்து, 1866இல் இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1882 அளவில் கமரான் தீவில் உஸ்மானிய அரசு நோய்த்தடுப்பு நிலையம் நிறுவியது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வரும் ஹாஜிகள் அங்கு இறங்கி, ஓலைக் கொட்டகைகளில் தங்கி, தலைக்கு இவ்வளவென்று கட்டணமும் செலுத்திய பின்னரே ஜித்தா செல்ல முடிந்தது. வெப்பமும் உவர்நீரும் நலமாய் இறங்கியவரையும் நோயாளியாக்கின என்ற முறையீடு பலமாக எழுந்தது.

இங்கே ஒருவரைக் குறிப்பிடாமல் போவது முறையன்று. ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத்தூதராக இருந்த டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் இந்திய முஸ்லிம், மருத்துவர், ஹாஜிகளின் துன்பங்களையும் கமரானின் குறைகளையும் மேலிடத்துக்குத் தொடர்ந்து எழுதியவர். 1895 மே மாதத்தில் ஜித்தாவுக்கு வெளியே தூதர்கள் தாக்கப்பட்டபோது அவர் கொல்லப்பட்டார். அதையடுத்து மக்காவில் ஆடைகளை நீராவியில் தூய்மைசெய்யும் கருவியும் மக்களின் சினத்துக்கு இலக்கானது. ஹாஜிகளுக்காகப் பேசியவரே அச்சினத்தில் உயிரிழந்தது வரலாற்றின் கொடுமை. தூய்மைக் கருவி இரும்பும் நீராவியுமே. ஆனால் அதை அயலரசுகளின் கருவியாக மக்கள் பார்த்தனர். 1897இல் பிளேக்கைக் காரணம் காட்டி இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஹஜ் பயணம் நிறுத்தப்பட்டபோதும் இதே ஐயம் எழுந்தது. வழி பாதுகாப்பாக இருப்பது ஹஜ் கடமையாவதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்று என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறுவதே. ஆகவே தள்ளிவைப்பதில் மார்க்கத் தடையில்லை. தடை விதித்தவர்களின் நோக்கத்தில்தான் மக்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை.

1939 ஆகஸ்டில் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்ததோடு மண்டபத்தின் பழைய வேலை சுருங்கிற்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் அழியவில்லை. 2020 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட மாநிலங்கள் கொரோனாவுக்கென ஒழுங்குவிதிகளை இயற்றியது அதே சட்டத்தின் கீழ்தான்.

அப்போது துபாய், சிங்கப்பூர், கொழும்பிலிருந்து மதுரை விமான நிலையம் வந்தவர்களின் நெற்றியில் வெப்பமானி காட்டப்பட்டது. காய்ச்சல் தோன்றுமுன்னரே தொற்றக்கூடிய நோய்க்கு அக்கருவி போதாது. 2003இல் சார்ஸ் பரவியபோது கனடா தன் விமான நிலையங்களில் பல இலட்சம் பேரைச் சோதித்தும் ஒரு நோயாளிகூட அகப்படவில்லை. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. இறந்தவர் அயல்நாடு சென்று வந்தவரல்லர். எல்லையில் நின்ற காவல் உள்ளூரில் பரவியதைக் காணவில்லை.

அடுத்த சில நாள்களில், டெல்லியில் நடந்த தப்லீக் மாநாட்டுக்குச் சென்று வந்தவர்களைத் தேடும் பணி தொடங்கியது. தேடியது தவறன்று, நோய் அங்கே பரவியிருந்தது, அறிவுடையோர் தாமே முன்வந்து சோதனைக்கு உட்பட்டனர். ஆனால் நாட்டின் ஊடகங்கள் பல நோயைவிட்டு மதத்தைத் தேடத் தொடங்கின. தமிழ்நாட்டு அரசின் அன்றாட அறிக்கை சில நாளில் மாநாட்டின் பெயரைத் தவிர்த்து, ஒரே மூலத்திலிருந்து பரவியவை என்ற பொதுச் சொல்லுக்கு மாறியது நல்ல முன்மாதிரி. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அம்மாநாட்டில் கலந்துகொண்ட அயல்நாட்டார் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது.

பிளேக் பாஸ்போர்ட்டின் பேரனும் அக்காலத்தில் பிறந்தான், பெயர் 'இ-பாஸ்'. மாவட்ட எல்லையைக் கடக்க அது வேண்டும். 2020 ஜூன் 24 முதல் மதுரை மாநகரில் முழு ஊரடங்கு நடப்புக்கு வந்தபோது, மேலூரும் திருமங்கலமும்கூடத் தொலைதூர ஊர்களாயின. மாவட்டம் கடக்க ஏற்கப்பட்ட காரணங்களில் முதன்மையானவை மூன்று: மரணம், அவசர மருத்துவம், திருமணம். பிழைப்பு தேடிப் போவது அவற்றுள் இல்லை. காசு கொடுத்தால் சீட்டு வாங்கித் தரும் இடைத்தரகர்கள் முளைத்தனர்; சிலர் கைதும் செய்யப்பட்டனர். முறையீடுகள் மிகுந்தபின், ஆகஸ்ட் 17 முதல் ஆதார் எண்ணும் தொலைபேசி எண்ணும் தந்து விண்ணப்பித்தவர்க்கெல்லாம் சீட்டு உடனுக்குடன் வழங்கப்பட்டது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அதுவும் வேண்டாததாயிற்று.